ஃபெஸ் நகரத்துச் செம்புச் சதுக்கம்: பார்த்ததும் வாங்கியதும்

மொராக்கோவின் சந்தைச் சதுக்கம் என்றதும் மாராகேஷில் இருக்கும் ஜமா அல் ஃபனாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாம்பாட்டிகள், கதைசொல்லிகள், ஆரஞ்சுச் சாறு வண்டிகள் என்று அதற்குப் பெரிய பெயர் உண்டு. 2001இல் யுனெஸ்கோ அதன் வாய்மொழிக் கலைகளைச் சிறப்பித்து அறிவித்தது. என் மனம் ஒட்டிக்கொண்டது வேறு ஒரு சதுக்கத்தில். ஃபெஸ் நகரின் பழைய ஊருக்குள், கராவியீன் பள்ளிவாசலை ஒட்டினாற்போல் இருக்கிறது ஸஃபாரீன் சதுக்கம். செம்பும் பித்தளையும் தட்டும் கன்னார்களின் இடம். சில நூறு பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும் அளவுதான். நடுவில் ஒரு மரம், சுற்றிலும் வாசலையே பட்டறையாக்கிக்கொண்ட கடைகள், சுவரில் சாய்த்து வைத்த கொப்பரைகள். ஃபெஸ்ஸில் இருந்த நாட்களில் வேறு எங்கே கிளம்பினாலும் கால் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

முதலில் போகும் வழி. பழைய ஊருக்குள் கார் போகாது. மேற்கே பாப் பூ ஜலூத் வாசலில் இறங்கி, தலா கபீரா தெரு வழியாகக் கீழ்நோக்கி நடப்பது ஒரு வழி. அந்த வாசலின் இப்போதைய வளைவு 1913இல் கட்டப்பட்டது. வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. தெருவில் கொஞ்சம் இறங்கியதுமே 14ஆம் நூற்றாண்டு பூ இனானியா மதரஸா வரும், கீழே போனால் அத்தாரீன் மதரஸா. வேடிக்கை பார்க்காமல் நடந்தால் அரை மணி நேரம்; வேடிக்கை பார்க்காமல் யாரும் நடக்க முடியாது. இன்னொரு வழி, கிழக்கே ரஸீஃப் பக்கம் சிவப்பு நிறச் சிறு டாக்சியில் இறங்கி, சில நிமிடங்கள் நடந்து சதுக்கத்துக்கு வந்துவிடுவது. முழங்கால் வலி உள்ளவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலிருந்து இறங்கி வாருங்கள், திரும்பும்போது ரஸீஃப் பக்கம் வெளியேறி டாக்சி பிடியுங்கள். அந்த மேட்டை வெயிலில் திரும்ப ஏற வேண்டிய அவசியமே இல்லை. சிறு டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள்.

தெருவில் நடக்கும்போது பின்னால் "பலாக்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள். கோவேறு கழுதை ஒன்று எரிவாயு உருளைகளையோ தோல் மூட்டைகளையோ இரண்டு பக்கமும் சுமந்துகொண்டு வரும். இந்த ஊரில் சரக்கு இன்றும் அப்படித்தான் நகர்கிறது. சில சந்துகளில் கழுதைக்கும் மனிதனுக்கும் சேர்த்து இடம் கிடையாது. இளைஞர்கள் சிலர் வந்து "இந்தப் பாதை மூடியிருக்கிறது, நான் வேறு வழி காட்டுகிறேன்" என்பார்கள். பெரும்பாலும் பாதை மூடியிருக்காது. முகம் சுளிக்காமல் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தால் போதும், யாரும் தொந்தரவு செய்யவில்லை. வழி உண்மையிலேயே தெரியாவிட்டால் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். தன் கடையை விட்டு எழுந்து வர முடியாதவர் நேர்மையாகத்தான் வழி சொல்வார்.

ஊரின் கதை நீளமானது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்னர் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் குடியேற்றத்தைத் தொடங்கினார். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றை எழுப்பினார். ஸ்பெயினின் கோர்தோபாவிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் ஒரு கரையிலும், துனீசியாவின் கைருவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினார்கள். கைருவான்காரர்களின் கரையில் எழுந்ததுதான் கராவியீன் பள்ளிவாசல். ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி தனக்கு வந்த சொத்தைக் கொண்டு 859இல் அதை நிறுவினார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் அதுவே பெரிய கல்விக்கூடமாக வளர்ந்தது.

பள்ளிவாசல் இருந்தால் அதைச் சுற்றிச் சந்தை வரும். எந்தத் தொழில் எங்கே என்பதில் இந்த மாதிரி ஊர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. புத்தகம், மெழுகுவர்த்தி, வாசனைப் பொருள், பட்டு ஆகியவை பள்ளிவாசலுக்கு மிக அருகில். நாற்றமும் சத்தமும் உள்ள தொழில்கள் தள்ளி. தோல் பதனிடும் ஷுவாரா தொட்டிகளும் சாயக்காரர் தெருவும் தண்ணீருக்காக ஆற்றோரம் ஒதுங்கியிருப்பது அந்த ஒழுங்கின்படிதான். அதை வைத்துப் பார்த்தால் கன்னார்கள் ஊர்க்கோடியில் இருக்க வேண்டும். ஆனால் இவர்களின் சுத்தியல் சத்தம் ஊரின் மிகப் பெரிய கல்விக்கூடத்தின் சுவரிலேயே மோதிக்கொண்டிருக்கிறது. இந்தச் சதுக்கத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது இதுதான்.

சதுக்கத்தின் ஓர் ஓரத்தில் இருக்கும் ஸஃபாரீன் மதரஸா 1271இல் மரீனிய அரச மரபைச் சேர்ந்த சுல்தான் அபூ யூசுஃப் யாகூப் கட்டியது. ஃபெஸ்ஸில் மரீனியர்கள் கட்டிய மதரஸாக்களில் இதுவே மூத்தது. பின்னால் வந்தவற்றின் பூ வேலைப்பாட்டுக்கு முன் இது எளிமையாகத்தான் தெரியும். 1285இல் ஸ்பெயின் பக்கத்துக் காஸ்தீல் அரசின் மன்னன் நான்காம் சாஞ்சோவோடு சமாதானம் செய்துகொண்டபோது, கிறிஸ்தவர்கள் கைப்பற்றிய ஊர்களில் சிக்கியிருந்த அரபு நூல்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்தச் சுல்தான் கேட்டார். 13 பொதி நூல்கள் வந்தன என்றும் அவற்றைத் தன் மதரஸாவுக்குக் கொடுத்தார் என்றும் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. போரில் வென்றவர் பொன் கேட்பதைப் படித்திருக்கிறோம். புத்தகம் கேட்டவரின் கட்டடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 15ஆம் நூற்றாண்டில் இமாம் அல் ஜஸூலி நபிகள் மீதான வாழ்த்துரைகளான ஸலவாத்தின் தன் புகழ்பெற்ற தொகுப்பை எழுதிய காலத்தில் இந்த மதரஸாவின் அறை ஒன்றில் தங்கியிருந்தார் என்ற மரபும் உண்டு.

கராவியீன் நூலகத்தின் வாசலும் இதே சதுக்கத்தில்தான். 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் அபூ இனான் தொடங்கிய நூலகம் அது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலின் பிரதி ஒன்றை இங்கே அன்பளிப்பாக அனுப்பினார். அது இன்றும் இருக்கிறது. காலப்போக்கில் ஈரம் ஏறிச் சுவர்களும் சுவடிகளும் கெடத் தொடங்கின. மொராக்கோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவ்னி 2012இல் சீரமைப்பு வேலையை ஏற்று, நீர்க்கசிவை வெளியேற்றவும் சுவடிகளைப் பாதுகாக்கவும் வழிசெய்தார். ஒரு பெண் நிறுவியதாகச் சொல்லப்படும் கல்விக்கூடத்தின் நூலகத்தை இன்னொரு பெண் மீட்டெடுத்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சுவடி அறைக்குள் பயணிகள் நினைத்தபடி நுழைய முடியாது. மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கராவியீனின் முற்றத்தைத் திறந்திருக்கும் வாசலில் நின்று பார்க்கலாம். தொழுகை நேரத்தில் அதுவும் வேண்டாம்.

1912இல் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் போனபோது, ஆளுநர் லியோத்தே பழைய ஊரைத் தொடாமல் அதற்கு வெளியே புதிய நகரைக் கட்டவைத்தார். வசதியுள்ள குடும்பங்கள் பிற்பாடு அங்கே போய்விட, பழைய ஊர் ஏழ்மையில் தேய்ந்தது உண்மைதான். அதே காரணத்தால் தெருக்களின் அமைப்பு சிதையாமல் தப்பியதும் உண்மை. 1981இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இனி சதுக்கத்துக்கு வருவோம். சுவரோரம் சாய்ந்திருக்கும் கொப்பரைகளைக் காட்சிக்கு வைத்தவை என்று நினைத்துப் பலர் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவை வாடகைக்கு விடப்படுபவை. நம் ஊர்களில் கல்யாணத்துக்கு முன்தினம் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டாவும் தவலையும் வந்து இறங்குமே, அதே ஏற்பாடுதான். ஃபெஸ் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் பெயர் சூட்டும் விருந்துக்கும் இங்கே வந்து பெரிய பாத்திரங்களை எடுத்துப் போகின்றன. நான் இருந்த ஒரு காலையில் இரண்டு பெண்கள் வந்து கொப்பரைகளுக்குள் கையை விட்டு உள்பூச்சைத் தடவிப் பார்த்து, ஒன்றைத் தள்ளி, இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அது ஒரு கைவண்டியில் ஏறிப் போய்விட்டது. இந்தச் சதுக்கம் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த இரண்டு பெண்களைப் போன்றவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயணிகள் வாங்கும் சிறு தட்டுகள் உபரி வருமானம். ஊர்க்காரர்கள் இங்கே சமையலுக்குப் பாத்திரம் தேடி வருவது நின்றுவிட்டால் கட்டடங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

இங்கே செய்யப்படுபவற்றின் வகையும் ஊரின் தேவையைச் சொல்லும். கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை உணவை அவிக்கும் துளையிட்ட மேல்பாத்திரம், தேநீர்க் கெண்டி, அதைத் தாங்கும் தாம்பாளம், குளியல் கூடத்துக்கான வாளியும் மொண்டு ஊற்றும் கிண்ணமும், விருந்தினர் கைகழுவும் ஏனம். பன்னீரும் கசப்பு ஆரஞ்சுப் பூவின் நீரும் வடிக்கும் செம்பு வாலைகளும் உண்டு. வசந்த காலத்தில் பூ வரும்போது அவற்றுக்குத் தேவை கூடும்.

வேலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு கடை வாசலில் பொறுமையாக நில்லுங்கள். நான் நின்ற கடையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒரு கொப்பரையின் அடிப்பகுதியை இரும்புப் பட்டடை மேல் கவிழ்த்து வைத்து, கால் முட்டியால் அதைத் திருப்பிக்கொண்டே தட்டினார். அடி விழும் இடம் மாறவில்லை, பாத்திரம்தான் சுழன்றது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுத்தியல் தடங்கள் வட்டம் வட்டமாக இறங்கின. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது: மந்தமாக இருந்த ஓசை கூர்மையாக ஒலிக்கத் தொடங்கியது. அவர் உடனே நிறுத்தி, பாத்திரத்தை நெருப்பில் காட்டினார். தட்டத் தட்டச் செம்பு விறைத்துப்போகும்; அதற்கு மேல் அடித்தால் வெடிப்பு விழும். மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சினால் மறுபடி இளகிக் கொடுக்கும். எப்போது காய்ச்ச வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். அந்தச் சதுக்கத்தின் இரைச்சலுக்கு நடுவே தன் பாத்திரத்தின் ஓசையை மட்டும் பிரித்துக் கேட்கும் காது எத்தனை வருடத்தில் வாய்க்குமோ!

ஈயம் பூசுவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். செம்பு வாணலியைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு நெருப்பில் வைத்தார்கள். சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவினார்கள். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்து மூக்கையும் தொண்டையையும் பிடித்தது. செம்பின் மேல் படிந்திருக்கும் மாசை நவச்சாரம் அகற்றினால்தான் ஈயம் ஒட்டும். பிறகு வெள்ளீயக் கட்டியை ஒரு தொடு தொட, அது துளியாக உருகி ஓடியது. பஞ்சுத் திரளால் அந்தத் துளியை ஒரே வீச்சில் சுற்றித் தேய்க்க, சிவந்த செம்பு மூச்சு விடும் நேரத்தில் வெள்ளி நிறமானது. தண்ணீரில் முக்கியதும் ஒரு சீறல், வேலை முடிந்தது. காற்று வரும் திசையில் நின்று பாருங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளியே நில்லுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்காமல் முகத்தை எடுக்காதீர்கள். தேர்ந்த கைவினைஞரை அங்கே மாலெம் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். நானும் "ஸலாம், மாலெம்" என்று சொல்லி, கேமராவைக் காட்டி அனுமதி கேட்டேன். பெரும்பாலோர் தலையசைத்தார்கள். ஒருவர் முகம் வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். என்னிடம் இருக்கும் படங்களில் அந்தக் கைதான் மிக அழகு. அரை மணி நேரம் ஒருவருடைய வேலையைப் பார்த்துவிட்டுச் சும்மா நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறிய கிண்ணமாவது வாங்கலாம், அல்லது சில திர்ஹம்கள் கொடுக்கலாம். சதுக்கத்தில் தேநீர்க் கடை இருக்கிறது. புதினாத் தேநீர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருடைய வேலைக்கும் இடைஞ்சல் இல்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மட்டும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், சத்தம் அப்படி.

நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வெள்ளிக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் போனால் எல்லாப் பட்டறையும் இயங்கிக்கொண்டிருக்கும். ரமலான் மாதத்தில் நேரங்கள் மாறும். சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே பிஸாரா குடித்துவிட்டுக் கிளம்புங்கள். காய்ந்த பெரிய அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத் தூளும் போட்டுத் தருவார்கள். விலை குறைவு, மதியம்வரை பசிக்காது. சிறு கடைகளில் அட்டை ஓடாது என்பதால் ரொக்கத்தோடு போங்கள். திர்ஹமை மொராக்கோவுக்கு வெளியே மாற்றுவது கடினம், அளவாக எடுங்கள்.

வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, சமைக்கவா, அலங்காரத்துக்கா என்பதுதான். இரண்டும் வேறு பொருள்கள். அலங்காரத் தட்டுகளில் மெருகெண்ணெய் பூசியிருப்பார்கள், அவை அடுப்புக்கு ஆகாது. பையில் ஒரு சிறிய காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு, மேலே முலாம். கைப்பிடியும் ஆணியும் இரும்பாக இருப்பது சகஜம், அதனால் பாத்திரத்தின் உடலில் வைத்துப் பாருங்கள். பிறகு கையில் தூக்கி எடை பாருங்கள். அடியில் விரலால் அழுத்தினால் நெளியும் தகடு நெருப்பில் நிற்காது. சுத்தியல் தடங்கள் சற்றே ஒழுங்கு தவறியிருந்தால் கை வேலை; அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் அழுத்தியது. சமையல் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயப் பூச்சு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பூச்சு இல்லையென்றால் பூசித் தருவார்களா என்று கேளுங்கள். எனக்கு மறுநாள் பூசிக் கொடுத்தார்கள். பழைய பொருள் என்று காட்டப்படுபவற்றில் காரீயம் கலந்த பற்றுவைப்பு இருக்கலாம், அவற்றைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பேரம் உண்டு. ஆனால் கண் முன்னால் செய்த பொருளுக்குக் கழுத்தை நெரித்துப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கடைகளில் அதே எடைக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, நியாயமாகப் பட்ட விலையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் ஏற்றினார், நான் ஒப்புக்கொண்டேன். வாங்கும் எண்ணம் இல்லாதபோது விலை பேசத் தொடங்காதீர்கள், நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சம்மதித்த பிறகு பின்வாங்குவது அங்கே அவமரியாதை.

மாற்றங்களும் நடந்துகொண்டிருக்கின்றன. புகையும் கழிவும் ஊருக்குள் வேண்டாம் என்று பித்தளைப் பட்டறைகள் பலவற்றை ஊருக்கு வெளியே ஐன் நொக்பி பகுதிக்கு மாற்றினார்கள். ஆற்று நீரை நினைத்தால் அது தேவையான வேலைதான். ஆனாலும் எல்லாப் பட்டறையும் கிளம்பிவிட்டால் சதுக்கத்தில் விற்பனை மட்டும்தான் நடக்கும், விற்பனை மட்டும் நடக்கும் இடத்தில் எந்தச் சிறுவனும் தொழில் கற்க மாட்டான். 2023இல் தங்கம், வெள்ளி, செம்பு மீது சித்திரம் செதுக்கும் கலையை மொராக்கோ உள்ளிட்ட அரபு நாடுகளின் பாரம்பரியமாக யுனெஸ்கோ பட்டியலிட்டது. செதுக்குகிறவர்களுக்குக் கிடைத்த கௌரவம் கொப்பரை தட்டுகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

வாங்கிய பாத்திரத்தை ஊர் சேர்ப்பதும் காப்பதும் தனி வேலை. துணிகளை உள்ளே திணித்து, வெளியே கம்பளம் சுற்றிப் பெட்டியில் வைத்தால் நசுங்காது. எடை எகிறிவிடும், விமான நிறுவனத்தின் வரம்பை முன்பே பார்த்துக்கொண்டு வாங்குங்கள். வீட்டில் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், தாளிக்கக் காயவிட்டால் பூச்சு திரண்டுவிடும். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிய பிறகே அடுப்பை ஏற்றுங்கள், தீயை நடுத்தரத்துக்கு மேல் வைக்காதீர்கள், கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே செம்பின் சிவப்பு திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கினால் அதில் புளியோ தக்காளியோ கொதிக்க விடாதீர்கள், களிம்பு சாப்பாட்டில் இறங்கும். மறுபடி ஈயம் பூசும்வரை அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல் எடுத்து வையுங்கள். நம் ஊரில் பூசுகிறவர்கள் குறைந்துவிட்டாலும், பித்தளைப் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் இன்னும் ஆள் சொல்கிறார்கள்.